தக்காளிக்கு ஒரு வானம்

இந்த இரவு மினசோட்டாவில் ஆண்டின் முதல் உறைபனி விழும், செடிகள் கருகிவிடும் என்று வானொலி சொல்லிவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. முதுகு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடக்கும் பக்கத்து வீட்டு ஹார்லனின் தக்காளிச் செடிகளை, வெர்னா தன் வீட்டுப் படுக்கை விரிப்புகளால் போர்த்துகிறாள். காய்கள் இன்னும் பச்சை. கடைசிச் செடிக்கு விரிப்பு இல்லை. உள்ளே போனவள், சர்ச் நாடகத்துக்காக ஒரு மாதமாய் வானம் தீட்டிய மேடைத் திரைத்துணியோடு வருகிறாள். வேலியோரம் நிற்கும் தோழி ஆர்டிஸ் பதறுகிறாள். "அடிப்பாவி, சனிக்கிழமை நாடகத்துக்கு என்னடி பண்ணுவ?" "சாயம் கரைஞ்சுபோச்சுன்னா மழைக்காலம்னு சொல்லிக்கலாம். அந்த முனையைப் பிடி." துணியின் ஓரங்களில் கல் வைக்கிறார்கள். நீலத்துக்கு அடியில் இலைகள் அசைந்து அடங்குகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம், வெர்னாவின் டாலியாப் பூக்கள் போர்வையில்லாமல் நிஜ வானத்தைப் பார்த்து நிற்கின்றன.