கார் காட்சிக்கு ஒரு பாட்டு

"வாடா, துரோகி!"

தியேட்டர் வாசலில் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்த சோரன் நிமிர்ந்தான். "உன்னைப் பார்த்ததுல எனக்கும் சந்தோஷம்தான், பிரிட்டா."

பதினெட்டு வருஷமாக இருவரும் ஒரே இசைக்குழு. அமெரிக்காவின் டுலூத் நகரத்து மதுக்கடைகளைத் தாண்டாத குழு. பகலில் அவள் பல் டாக்டரின் வரவேற்பாளர். அவன் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன்.

போன கோடையில் ஒரு படக் கம்பெனி அவர்களுடைய பாட்டு ஒன்றைக் கேட்டு அவனுக்கு எழுதியது. பிரிட்டாவின் அப்பா இறந்த வாரம் அவள் எழுதிய பாட்டு. மெட்டு மட்டும் அவனுடையது. இருவரும் சம்மதித்தால்தான் படத்துக்குப் போகும்.

மறுத்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னான். "ஏதோ கார் காட்சிக்காம். நம்ம பாட்டு என்ன, பாப்கார்னுக்குத் தொட்டுக்கவா?"

அவள் ஒரு மாதம் பேசவில்லை. மனசுக்குள் மட்டும் அந்தக் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. பனி கொட்டுகிறது, கார் போகிறது, தன் குரல் ஒலிக்கிறது, கதாநாயகன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

போகட்டும், கொள்கை என்றால் கொள்கை என்று ஆறியும் போனாள். நேற்று அந்தப் படத்தின் பாட்டுப் பட்டியல் வெளியானது. ஏழாவதாக, 'என் பூட்ஸில் ஈரம்'. எழுதிப் பாடியவர் சோரன்!

"என் பாட்டுன்னா கொள்கை, உன் பாட்டுன்னா சினிமாவா?"

"படம் சுமாராம். வா, வறுத்த மீன் சாப்பிடப் போலாம்."

"நட உள்ள!"

உள்ளே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. "நம்ம சோரன் பாட்டு வருதாமே!" என்று தபால்காரர் கைதட்டினார். சோரன் இருக்கையில் சரிந்து தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

"என்ன நடிப்பு!" என்றாள் பிரிட்டா.

அரை மணி நேரத்தில் வந்தது அந்தக் காட்சி. பனி கொட்டியது. கார் போனது. கதாநாயகி ரேடியோவைத் திருகினாள். 'என் பூட்ஸில் ஈரம்...' என்று அதில் சோரனின் குரல் இழுத்தது.

கதாநாயகன் முகம் கோணியது. பின் சீட்டு நாய் ஊளையிட்டது. காரை நிறுத்தினான், இறங்கினான். "நான் நடந்தே வந்துக்கறேன்!" என்று முழங்கால் பனியில் நடக்க ஆரம்பித்தான். நாயும் குதித்து அவன் பின்னால் ஓடியது.

தியேட்டரே அதிர்ந்தது. தபால்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். பின்வரிசையில் யாரோ நாய் மாதிரி ஊளையிட, மறுபடி சிரிப்பு. இந்தக் குளிர்காலம் முழுக்க இவன் பனி தள்ளப் போகும் தெருவெல்லாம் இந்த ஊளைதான் கேட்கும்.

பிரிட்டா மட்டும் சிரிக்கவில்லை.

"சோரன்... அப்பா பாட்டைக் கேட்டது இதுக்கா?"

சோரன் தொப்பியைத் தாடைவரை இழுத்துக்கொண்டான்.

"நீதான் முடியாதுன்னு சொல்லிட்டியே, அதோட விட வேண்டியதுதானே? உன் பாட்டை ஏன்டா குடுத்த?"

"அவங்க விடல பிரிட்டா. உன் கையெழுத்துக்கு நேரா உன்கிட்டயே வர்றோம்னாங்க." பாப்கார்ன் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான். "அதான், அதைவிட மோசமா என்கிட்ட ஒண்ணு இருக்குன்னேன். கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க."