ஐந்து திரைகளிலும் ஒரே வரி

ஜன்னல் வழியே சாய்ந்து விழும் மாலை வெயிலில் ஐந்து கணினிகளும், ஐவரும் சேர்ந்து உருவாக்கிச் சோதித்துப் பார்க்கும் விளையாட்டின் ஒரே கோட்டைவாசலைக் காட்டுகின்றன. கோட்டையை வரைந்த அண்ணன் தன் வீரனை வாசலுக்குள் நடத்துகிறார். உடனே ஐந்து திரைகளிலும் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி எழுகிறது: ‘செவிட்டு அண்ணன் வர்றார், சத்தமாப் பேசுங்க.’ விசைப்பலகைகளின் படபடப்பு சட்டென்று நிற்கிறது. அந்த வரியைக் காட்டும் கட்டளையை எழுதியவளுக்கு முகம் பற்றி எரிகிறது. தன் திரையில் மட்டும் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்ள எழுதிய சோதனை வரி அது. எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று குறிக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். காலியாக விட்டால், விளையாட்டில் இருக்கும் எல்லார் திரைக்கும் கட்டளை போய்விடும். பக்கத்து மேசைக்காரன் சிரிப்பை இருமலாக்கி விழுங்குகிறான். அவள் பதறிப்போய்த் தன் கணினியில் வரியை அழிக்கிறாள். அவள் திரையில் மட்டும் மறைகிறது; மற்ற நான்கிலும் மஞ்சளாய் அப்படியே நிற்கிறது. அண்ணன் அதை ஒருமுறை படித்துவிட்டு, மெதுவாக நாற்காலியைத் திருப்புகிறார். “மன்னிச்சிருங்கண்ணே” என்கிறாள் அவள், வாய்க்குள்ளேயே. அவர் காதருகே கையைக் குவிக்கிறார். “என்னம்மா சொன்னே?” கேலியில்லை, கோபமுமில்லை, அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. மற்றவர்கள் அவளையே பார்க்கிறார்கள். அவள் எழுந்து நிற்கிறாள். “மன்னிச்சிருங்கண்ணே. நான்தான் எழுதினேன்.” குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. அவர் தலையசைத்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். தன் திரையில் நிற்கும் அந்த வரியை அவர் இன்னும் அழிக்கவில்லை.