முதுகுக்குப் பின்னால்

“நோயாளி பட்டன் போடத் திணறினா, உங்க கை முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். உதவி செஞ்சு செஞ்சே ஆளை முடமாக்கிடாதீங்க!” பிசியோதெரபி ஆசிரியை வகுப்பில் பொரிந்து தள்ளினாள்.

ஒரு மாணவி எழுந்தாள். “நேத்து ஆஸ்பத்திரியில பக்கவாதம் வந்த ஒருத்தரைப் பார்த்தேன், மேடம். ஆறு மாசமா அவர் சம்சாரம்தான் பட்டன் போட்டுவிடறாங்களாம்.”

“அந்தம்மாவை வரச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

“அவங்களுக்குத் தெரியாமத்தான் வந்தாராம். ‘பாவம், எனக்குச் சட்டை மாட்டிட்டு எட்டு மணி வகுப்புக்கு ஓடறா. நானே பழகிட்டு ஒருநாள் அசத்தணும்’னார். அந்தம்மாவும் டீச்சர் போலிருக்கு, மேடம்.”

காலையில் கணவனின் சட்டைக்கு அவசர அவசரமாகப் பட்டன் போட்டுவிட்டு ஓடிவந்த கைகள், மெல்ல ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.