ஜன்னல் வழியாகப் போனவன்

"நெவில், நீங்களே போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க. இதுக்குத்தானே உங்கள வேலைக்கு வச்சிருக்கோம்?"

எரிவாயுக் கம்பெனியின் ஃபியோனா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கூடத்தில் பக்கத்து வீட்டு மர்ஃபி பாதி கடித்த பிஸ்கட்டோடு தரையைப் பார்த்தான். எல்லோருமே தரையைத்தான் பார்த்தோம்.

அந்தம்மா என்று அவள் சொன்னது என் அம்மாவை. அம்மா காலையிலிருந்து வெளியே டொயோட்டா வண்டியில், கூடத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனியின் குழாய் போகிற வழியில், பூர்வகுடிகளான எங்களுடைய ஊற்று இருக்கிறது. அம்மாவுக்கு அது அவள் அப்பா வழியில் வந்தது. அதைப் பற்றிப் பேச அவளுக்கு மட்டும்தான் உரிமை. மர்ஃபிக்கு அந்த ஊற்றின் கதை தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அடுத்தவர் நிலத்துக்காக அவன் பேசினால் ஊரே காறித் துப்பும்.

இன்று கடைசிக் கூட்டம். இன்றும் யாரும் பேசாவிட்டால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஊற்றின் மேலேயே பள்ளம் தோண்டுவார்கள்.

கம்பெனியிலிருந்து இதற்கு முன் வந்தவர் கூட்டத்தை மரத்தடியில்தான் வைப்பார். அம்மா தள்ளிப்போய், திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவள் சொல்வதை நான் ஓடி வந்து சொல்வேன். ஃபியோனா புதுசு. வெயில் கொளுத்துகிறதென்று எல்லோரையும் ஏசி போட்ட கூடத்துக்குள் அடைத்துவிட்டாள். நான் சொன்னதெல்லாம் செல்லாதாம். அம்மாவின் குரலே பதிவாக வேண்டுமாம்.

அம்மா ஏன் உள்ளே வரமாட்டாள் என்பதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நெவில் எதிரிலேயே நிற்கும்போது எப்படிச் சொல்வது? கூச்சம் பிடுங்கித் தின்றது.

அவன் பாடு இன்னும் மோசம். எங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று பேச அவனை அமர்த்தியிருந்தார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை. கம்பெனிச் சட்டையை வேறு யாரையும் தொட விடமாட்டான், தானே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்வான்.

அவன் ஃபியோனாவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கதவைத் தாண்டினால் வண்டி.

பிறகு டீ போடுகிற மேடைமேல் ஏறி, ஜன்னலைத் திறந்து, அவ்வளவு பெரிய உடம்பையும் அதில் திணித்து, அந்தப் பக்கம் குதித்தான்.

"மெதுவா மச்சான், சட்டை கிழியுது! கம்பெனி சொத்துடா!" என்று மர்ஃபி கத்தினான்.

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவன் பின்பக்கப் புதருக்குள் மறைகிறவரை காத்திருந்துவிட்டு, வாசலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா உடனே இறங்கி வந்தாள். நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தாள். ஊற்று யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எதுவரைக்கும் மண்ணைத் தொடக்கூடாது என்று நிறுத்தாமல் சொன்னாள்.

குழாயை ஊற்றைச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், அப்படியே மேலே சொல்கிறேன் என்றாள் ஃபியோனா. அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா நெவில இனிமே வச்சுக்க முடியாது. ஒரு பெரியவங்களக் கூப்பிடச் சொன்னா ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடுறாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். பதிவுக் கருவி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இதையும் அதுல ஏத்திக்கோ. அவன் ஓடல. எம் மக இவ புருஷன் அவன். எங்க வழக்கப்படி மாமியா முன்னாடி மருமகன் நிக்கக் கூடாதுன்னு எனக்கு வழி விட்டுட்டுப் போயிருக்கான்."

அதே வழக்கத்தால், கல்யாணமான நாளிலிருந்து அம்மா என் புருஷனைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.