தையல் இல்லாத வளைவு

"ஒரு ஜோடிக்கு ஆறு செகண்ட் வீண்" என்று மேனேஜர் முனீர் அகமது, கிருஷ்ணராஜ் சாரை எல்லார் எதிரிலும் பிடித்துக்கொண்டார்.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் தையல் மிஷின் வந்தது. தோலைப் பிடித்திருக்கும் ஃபிரேம், ஊசிக்கு அடியில் தானாக நகரும். எந்த வழியில் நகர வேண்டும் என்று நாம்தான் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, நம்பர் நம்பராக மிஷினில் தட்டிக் கொடுக்க வேண்டும். புள்ளி நெருக்கமாக இருந்தால் வளைவு வழுவழுவென்று வரும். கம்மியானால் வெட்டி வெட்டிப் போகும்.

புள்ளி வைப்பது டிப்ளமோ படித்த கிருஷ்ணராஜ் சார். தட்டுவது பத்தாவது ஃபெயிலான நான்.

தையல் இடது பக்கம் முடியும். தைத்ததை எடுக்க, அங்கிருந்து ஃபிரேம் நேராக ஆள் முன்னால் வந்துவிடலாம். சாரோ அதை வலது பக்கமாகச் சுற்ற வைத்து, அரைவட்டமாகக் கொண்டுவந்தார்.

"தையலே இல்லாத இடத்துல இன்னாத்துக்குய்யா வளைவு? வாணியம்பாடி போறதுக்கு ஆற்காடு சுத்திப் போவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சார் குனிந்து கிராஃப் தாளைச் சுருட்டினார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேற கம்பெனி பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"அம்சவேணி, நீ நேரா போடு. ரெண்டு மணிக்கு வந்து பார்ப்பேன்."

இதுக்குப் போய் டிப்ளமோவா என்று நினைத்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் போட்டு முடித்தேன்.

மிஷினில் சவுரியம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஓட்டிப் பார்த்தோம். ஃபிரேம் இடது பக்கமிருந்து நேராக வந்தது. அக்கா மேஜை மேலிருந்த கையை எடுக்கவே இல்லை. விரல் முட்டியில் இடித்து, தோல் உரிந்துவிட்டது.

பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று எரிந்து விழுந்தேன்.

"எந்தப் பக்கமா வந்துச்சு?" என்றாள்.

அவள் இடது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமைக்கவில்லை.

"கிருஷ்ணராஜ் சாருக்கு மட்டும்தான் தெரியும். ஆபீஸ்ல தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சொல்லிடாதடி."

ரெண்டு மணிக்கு மேனேஜர் வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஃபிரேம் வலது பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

"நேரா போடச் சொன்னேனே?"

"போடல சார்" என்றேன்.