பெயர் சொல்லாமல் ஒருவர்

வேங்கிக்காலில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. வகுப்பில் இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லாமல் ஆங்கிலத்தில் வர்ணிக்க வேண்டும். யாரென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அன்றைய பயிற்சி.

சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத தேவிப்ரியா எழுந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"அவர் நல்லவர். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்."

"ரபீக்!" என்றேன்.

"இல்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்திலும் அவர் குரல் தனியாகக் கேட்கும்."

"அப்ப, நம்ம பிரகாஷ்தான்!" என்றேன்.

வகுப்பே சிரித்தது. என் சிரிப்புதான் ஜாஸ்தி.

"தன் ஜோக்குக்கு மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். கேள்வி கேட்பார். யாரும் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்."

"திருமலை! திருமலையேதான்!" என்று கத்தினேன்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ரபீக் மெதுவாகச் சொன்னான்.

"எங்களையும் கொஞ்சம் கண்டுபிடிக்க வுடுங்க சார்."

கையில் சாக்பீஸோடு நின்றேன்.

"தப்பு எதுனா இருந்தா திருத்துங்க சார்" என்றாள் தேவிப்ரியா.

இவளை ஆங்கிலத்தில் பேசவைக்க நான் பட்ட பாடு அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். இன்று பேசிவிட்டாள். ஒரு பிழைகூட இல்லை.