போர் நடக்காத புத்தகம்

நூலகத்து மாடியறையில் மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலோடு நீள மேசைமேல் விழுந்து கிடக்கிறது. வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்ட மூன்று புத்தகங்களும் அதன் நடுவில் இருக்கின்றன. திகில் நாவலால் விசிறிக்கொண்டே பேருந்து ஓட்டுநர் சொல்கிறார், "பேய் வந்தப்புறம்தாங்க எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு." எல்லோரும் சிரிக்கிறார்கள். இறையியல் நூலைப் பற்றிப் பள்ளி ஆசிரியை கூசாமல் சொல்கிறாள், "கடவுளை நம்பித்தான் ஆரம்பிச்சேன். பாதியிலேயே சந்தேகம் வந்துடுச்சு." மூன்றாவது, முப்பது வருடத்துக்கு முந்தைய போர் நடக்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிய மாற்று வரலாறு. வங்கி அதிகாரி அதை ஒற்றை விரலால் தள்ளுகிறார். "நடந்ததை மாத்தி எழுதுறது ஏமாத்து வேலை. யாருக்கு என்ன பிரயோஜனம்?"

தையல்காரி நிமிர்கிறாள். அந்தப் போருக்குப் போன அவள் அண்ணன் திரும்பி வரவில்லை. பக்கத்தில் அண்ணி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கிறாள். இந்தப் புத்தகத்தை மட்டும் அவள் திறக்கவே இல்லை. அவளுக்கு நோகுமோ என்று தையல்காரி ஒரு கணம் தயங்குகிறாள். பிறகு தெளிவாகவே சொல்கிறாள், "எனக்குப் பிரயோஜனப்பட்டுச்சுங்க. இதுல பசங்க எல்லாரும் ரயில்லேர்ந்து இறங்கி வீட்டுக்குப் போயிடறாங்க. எங்க அண்ணனும் அந்தக் கூட்டத்துல இருக்கான்னு வச்சுக்கிட்டுப் படிச்சேன். கடைசி அத்தியாயத்துல அவனுக்குத் தலையெல்லாம் நரைச்சிடுச்சு."

வங்கி அதிகாரி விரலை மடக்கிக்கொள்கிறார். அண்ணி கை நீட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள்.

"நரைச்சிருக்காது," என்கிறாள். "வழுக்கைதான் விழுந்திருக்கும். உங்கப்பா மாதிரி."